படமாக வைத்த ஜெபம்

தயவுபுரத்து ஐயர் போன் செய்தபோது ஜாஸ்பர் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தான். சபைப் போதகரை இந்தப் பக்கத்தில் ஐயர் என்றுதான் சொல்வார்கள். மடித்த சட்டையை மறுபடி உதறி, மறுபடி மடித்து, "சரிங்க ஐயா… ஆகட்டுங்க ஐயா… நானா ஐயா?" என்று அவன் கேட்ட தோரணையிலேயே, சமையல்கட்டில் நின்ற ஸ்டெபிக்கு ஏதோ பெரிய விஷயம் என்று புரிந்துவிட்டது.

போனை வைத்துவிட்டுச் சுவரைத் தொட்டபடி சமையல்கட்டு வாசலுக்கு வந்தான்.

"ஸ்டெபி, அசனப் பண்டிகையில நன்றி ஜெபத்தை நான் ஏறெடுக்கணுமாம்."

"நீங்களா அத்தான்!"

"நானும் அதையேதான் அவர்ட்ட கேட்டேன்."

வருஷத்துக்கு ஒருமுறை கோயிலில் ஆராதனை முடிந்ததும், ஊரே ஒரே பந்தலில் உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிடுவதுதான் அசனம். இந்த வருஷம் கோயில் கட்டி நூற்றைம்பது வருஷம் நிறைகிறது. அதற்காக ஐயரே புதிதாக ஒரு நன்றி ஜெபம் எழுதியிருந்தார். நடத்துகிறவர் ஒரு வரி சொல்ல, சபை முழுவதும் மறுமொழி சொல்லும் நீளமான ஜெபம். விழாவுக்காகச் சபை போட்ட நினைவு மலரிலும் அது இருந்தது.

ஜாஸ்பர் அந்த ஊரில் பிறந்தவன். சின்ன வயதில் காய்ச்சலில் பார்வை போனது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம், கல்லூரி, வங்கி வேலை என்று அவன் எவ்வளவோ தூரம் வந்துவிட்டான். ஆனால் தயவுபுரத்துக் கோயிலில் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில், படுக்கையில் கிடக்கிறவர்களுக்கும் பரீட்சை எழுதுகிறவர்களுக்கும் நடுவில், 'கண் தெரியாத பிள்ளை ஜாஸ்பருக்காக' என்று ஒரு வரி உண்டு. அவனுக்காக ஊர் ஜெபித்திருக்கிறது. ஊருக்காக ஜெபிக்க அவனை யாரும் கூப்பிட்டதில்லை.

"ஜெபத்தை யாரையாவது வாசிக்கச் சொல்லிப் பதிஞ்சு அனுப்பட்டுமான்னு ஐயர் கேட்டாரு. ஒண்ணும் வேண்டாம் ஐயா, மலர் பூரா இணையத்துல இருக்கு, எம் பொண்டாட்டி செஞ்சது, நானே கேட்டுப் படிச்சிக்கிடுதேன்னு சொல்லிட்டேன்" என்று சொல்லிச் சிரித்தான். "மனுசன் அசந்துட்டாரு!"

ஸ்டெபி அடுப்பைக் குறைத்தாள். அதைக் குறைக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. முகத்தை எங்கேயாவது திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. அவனுக்கு அவள் முகம் தெரியாதுதான். ஆனாலும் திருப்பிக்கொண்டாள்.

ஏனென்றால், மலரின் தமிழ்ப் பக்கங்களில் ஒன்றைக்கூட அவனால் கேட்க முடியாது. அப்படி வைத்தது அவள்தான்.

முருகன்குறிச்சியில் ஒரு மாடியறைதான் ஸ்டெபியின் அலுவலகம். கடைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் அவளும் தாஜ் முகம்மதுவும் இணையதளம் செய்து கொடுத்தார்கள். ஜாஸ்பர் அவளுக்கு அறிமுகமானதே அந்த வேலையால்தான். ஒரு ஜவுளிக்கடைக்கு அவள் செய்த தளத்தைப் பார்த்துவிட்டு, பார்த்துவிட்டு என்றா சொல்வது, கேட்டுவிட்டு, வங்கியிலிருந்து அவளுக்குப் போன் செய்தான்.

"மேடம், உங்க இங்கிலீஷ் பக்கத்தை என் போன் அருமையா வாசிக்குது. தமிழ்ப் பக்கத்துக்குப் போனா, வெள்ளைக்காரன் வாய் நிறையச் சொதிச் சோத்தை வச்சிக்கிட்டுப் பேசுத மாதிரி இருக்கு."

அவள் சிரித்துவிட்டாள். பிறகுதான் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பார்வையற்றவர்களின் போனில் ஒரு குரல் இருக்கும். அது எழுத்தை வாசிக்கும். இது தமிழ்ப் பக்கம், இது ஆங்கிலப் பக்கம் என்று தளத்தைச் செய்கிறவர்கள் உள்ளே குறித்து வைத்தால்தான் தமிழுக்குத் தமிழ்க் குரல் வரும். இல்லையென்றால் ஆங்கிலக் குரலே தமிழையும் வாசிக்கப் பார்த்து நாக்கைச் சுளுக்கிக்கொள்ளும். அவள் சரிசெய்தாள். நன்றி சொல்ல அவன் மறுபடி போன் செய்தான். அதற்கடுத்த முறை காரணமே இல்லாமல் செய்தான். கல்யாணத்தில் இந்தக் கதையைச் சொல்லாத ஆள் இல்லை.

அன்றிலிருந்து எந்தத் தளத்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேட்டுப் பார்க்காமல் அவள் யாரிடமும் ஒப்படைத்ததில்லை. கல்லூரிகளில் கூப்பிட்டுப் பேசச் சொல்லும் அளவுக்கு அவள் பெயர் அதில் பரவியிருந்தது. எல்லாத் தளத்துக்கும் கடைசியில் 'இதைப் பார்வையற்றோரும் கேட்டு வாசிக்கலாம்' என்று ஒரு வரி போடுவாள்.

தயவுபுரத்து மலரில்தான் சறுக்கினாள். அச்சகத்திலிருந்து வந்த பக்கங்கள் பழைய எழுத்துருவில் இருந்தன. பார்க்கத் தமிழ்தான். ஆனால் உள்ளே கிடப்பதெல்லாம் ஆங்கில எழுத்தும் காற்புள்ளியும் அடைப்புக்குறியும். அதைப் புதிய எழுத்துக்கு மாற்றலாம். மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். வரி வரியாக உட்கார்ந்து திருத்த வேண்டும். விழாக் குழுச் செயலாளர் ஞானசிகாமணி சாரோ, "அமெரிக்காவுல இருக்கவுகள்ளாம் கேக்காகம்மா, இந்த ஞாயிறு கோயில்ல அறிவிக்கணும்" என்று ஒற்றைக்காலில் நின்றார்.

ஆங்கிலப் பக்கங்களை ஒழுங்காகச் செய்தாள். தமிழ்ப் பக்கங்களை அப்படியே படமெடுத்து ஏற்றிவிட்டாள். படத்தில் இருக்கும் எழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் போனின் குரலுக்கு அது வெறும் படம்தான்.

தாஜ் முகம்மது நாற்காலியோடு திரும்பிப் பார்த்தான். "அக்கா, படமாவா போடுதீங்க? நீங்களா?"

"பண்டிகை முடியட்டும் தாஜு, மாத்திக்கிடலாம். தயவுபுரத்துல யாரு இதைக் கேட்டு வாசிக்கப் போறா?"

அந்த ஊரில் பிறந்தவனைக் கட்டிக்கொண்டு, அந்த ஊரில் யார் என்று கேட்டிருக்கிறாள். கடைசி வரியைக்கூட எடுக்கவில்லை. பழக்கத்தில் அதுவும் ஏறிவிட்டது.

நாளைக்குக் காலையில் முதல் வேலையாக ஜெபம் இருக்கும் அந்த ஒரு பக்கத்தையாவது கையால் தட்டச்சு அடித்து ஏற்றிவிட வேண்டும் என்று அன்றிரவு முடிவு செய்தாள். இப்போதே சொல்லிவிடலாமே என்று ஒரு மனம் சொன்னது. சந்தோஷமாக இருக்கிறானே, நாளைக்குள் சரியாகிவிடுமே என்று இன்னொரு மனம் அதன் வாயைப் பொத்தியது.

திங்கட்கிழமை அலுவலகக் கதவைத் திறக்கும் முன்பே ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு. அவர்கள் தளம் படுத்துவிட்டது, சேர்க்கைக்குப் பெற்றோர் வாசலில் நிற்கிறார்கள். அதைத் தூக்கி நிறுத்தி முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஜாஸ்பர் எதையும் கடைசி நாளில் படிக்கிறவன், இன்றைக்கே திறந்திருக்க மாட்டான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அவன் சாப்பிட உட்கார்ந்தவன், தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னான்.

"ஐயர்ட்ட முடியாதுன்னு சொல்லிட்டேன்."

"ஏன் அத்தான்?"

"தொண்டை சரியில்ல. கரகரன்னு இருக்கு."

குரல் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு கரகரப்பும் இல்லை. மதிய இடைவேளையில் வங்கியின் பின்பக்கம் அரச மரத்தடியில் உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு, அவன் விரல் திரையில் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளியிருப்பதும், அது 'படம்… படம்… படம்…' என்று மட்டும் சொல்லியிருப்பதும், கடைசியில் 'இதைப் பார்வையற்றோரும் கேட்டு வாசிக்கலாம்' என்று தெளிவான தமிழில் வாசித்திருப்பதும் அவள் கண்முன் வந்தது.

என்ன நடந்தது என்று கேட்டிருக்க வேண்டும். அவள் கேட்கவில்லை.

"சுக்குக் காப்பி போட்டுத் தரட்டுமா?" என்றாள்.

அவன் தட்டைத் தள்ளிவைத்தான். "தா" என்றான்.

சுக்கைத் தட்டி, கருப்பட்டி போட்டுக் கொதிக்கவைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒன்றுமே இல்லாத தொண்டைக்கு அவன் அதை ஊதி ஊதிக் குடித்தான். அவள் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் மறைப்பது மற்றவருக்குத் தெரியும் என்பது இருவருக்கும் தெரிந்தே இருந்தது. கல்யாணமானதிலிருந்து அந்த வீட்டில் இப்படி ஒரு பொய்யை இருவரும் சேர்ந்து குடித்ததில்லை.

மறுநாள் வேறு எந்த வேலையையும் தொடவில்லை. ஜெபத்தை முழுவதுமாக அடித்து, கண்ணை மூடிக் கேட்டுப் பார்த்து, ஏற்றினாள். அந்தக் கடைசி வரியை அழித்தாள். சாயங்காலம் அவன் செருப்பைக் கழற்றும் முன்பே சொன்னாள்.

"உங்க தொண்டைக்கு ஒண்ணும் இல்ல. நான் எல்லாத்தையும் படமா போட்டு வச்சிருந்தேன்."

"தெரியும்."

"ஜெபத்தை இன்னைக்கு ஏத்திட்டேன் அத்தான். இப்ப வாசிக்கும்."

"இனி எனக்கெதுக்கு? ஞானசிகாமணி சார்ட்ட குடுத்துட்டாராம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா? நான் வாசிச்சுக் காட்டியிருப்பேனே?"

"வாசிச்சிருப்ப. நானும் மனப்பாடம் பண்ணியிருப்பேன்." அவன் கட்டிலில் உட்கார்ந்தான். "முந்தின நாள் ஐயர்ட்ட அவ்வளவு பீத்திருக்கேன். மறுநாள் அந்தப் படம் படம்னு கேட்டதும் கோவம் வந்துட்டு. அந்தக் கோவத்துலயே போன் போட்டு, தொண்டைன்னு சொல்லிட்டேன். சொன்னதைத் திரும்ப வாங்க முடியல."

"என்னைத் திட்டுங்க."

"எதுக்குத் திட்ட? பஸ்ஸுக்காரன் மறக்கான், கரண்டு ஆபீசுக்காரன் மறக்கான். எல்லாருக்கும் என்னை மறந்துபோவும். நீயும் எல்லாரும் ஆயிட்ட, அவ்வளவுதான்."

அவன் அதைக் கத்திச் சொல்லியிருந்தால் அவளும் கத்தி அழுதிருப்பாள். கணக்கு முடிக்கும் குரலில் சொன்னான்.

"ஐயர்ட்ட நான் உண்மையைச் சொல்லிடுதேன்."

"வேண்டாம். ஞானசிகாமணி சார் காதுக்குப் போனா ஊர் பூரா போயிரும். அவரு சொல்லித்தான் இன்னும் நாலு சபைக்காரங்க உன்கிட்ட வாராக. தொண்டைன்னே இருக்கட்டும்."

இல்லை, சொல்லத்தான் செய்வேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். வாயெடுத்தாள். நாலு சபை, நாலு மலர், தாஜ் முகம்மது கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறான், இப்படி என்னென்னவோ குறுக்கே வந்தது. கடைசியில், "சரி" என்றாள். சொன்னதும் உள்ளே ஒரு நிம்மதி பரவியது. அந்த நிம்மதிதான் அவளை அந்த வாரம் முழுவதும் தூங்கவிடவில்லை.

பண்டிகையன்று இருவரும் நாங்குநேரி வழியாகப் பஸ் மாறித் தயவுபுரம் போய்ச் சேர்ந்தார்கள். பனைகளுக்கு நடுவில் கோயில் கோபுரம் புதுச் சுண்ணாம்பில் பளிச்சென்று நின்றது. பந்தலுக்குப் பின்னால் பெரிய அண்டாக்களில் கறிக்குழம்பு கொதித்த வாசனை ஆராதனைக்குள்ளேயே வந்து பிள்ளைகளைப் படுத்திக்கொண்டிருந்தது.

ஜாஸ்பரைத் தாய்க்குப் பதிலாக வளர்த்த பெரியம்மா சாரம்மாள் முன்வரிசையில் இடம்பிடித்து வைத்திருந்தாள். அவன் ஜெபம் சொல்வதைக் கேட்பதற்கென்றே எடுத்த ஊதா நிறப் பட்டு கட்டியிருந்தாள். சேலை எடுத்த பிறகுதான் தொண்டைச் சமாச்சாரம் வந்தது. முகம் ஊதாவைவிடக் கறுத்திருந்தது.

பிரசங்கம் முடிந்ததும் ஞானசிகாமணி சார் எழுந்தார். நாற்பது வருஷம் தலைமையாசிரியராக இருந்த குரல்.

"நம்ம மலரை உலகம் பூரா கொண்டுபோன மருமகள் ஸ்டெபியைச் சபை கௌரவிக்கு. தமிழ், இங்கிலீஷ் ரெண்டுலயும் செஞ்சிருக்கா. அதுல என்ன விசேஷம்னா, கண் தெரியாதவுககூடக் கேட்டு வாசிக்கலாம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். ஸ்டெபி ஜாஸ்பரைப் பார்த்தாள். அவனும் தட்டிக்கொண்டிருந்தான். ஐயரின் மனைவி ஐயரம்மா வந்து பொன்னாடை போர்த்தினாள். அந்தச் சால்வையின் ஜரிகை கழுத்தில் முள்ளாகக் குத்த, அதைப் போர்த்தியபடியே வந்து உட்கார்ந்தாள். இப்போது சொல்லியிருக்கலாம். ஒலிபெருக்கி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

பிறகு நன்றி ஜெபம். ஞானசிகாமணி சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

"மழையற்ற வருஷங்களிலும் பனையில் பதநீரை வைத்தவரே…"

"உமக்கு நன்றி சொல்லுகிறோம்" என்றது சபை.

சபையின் குரலுக்கு மேலே ஒரு குரல் தனியாகக் கேட்டது. ஜாஸ்பர். எந்த இடத்தில் மறுமொழி வரும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. வேண்டாம் என்று சொன்னவன், அவள் ஏற்றிய பிறகு எப்போதோ திறந்து கேட்டிருக்கிறான். மறுமொழியை மட்டும் அல்ல, சார் வாசித்த வரிகளையும் அவன் உதடு கூடவே சொல்லிக்கொண்டு போனது. முழு ஜெபமும் அவனிடம் இருந்தது. ஸ்டெபி தலையைக் குனிந்துகொண்டாள். ஜெபம் பண்ணுகிறாள் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

பந்தலில் வரிசையாக உட்கார்ந்து இலை போட்டார்கள். சோறும் குழம்பும் வந்தன. வீட்டுக்குக் கொண்டுபோகத் தூக்குவாளியோடு ஆட்கள் பின்னால் நின்றார்கள். சாரம்மாள் எதிர்வரிசையிலிருந்து ஆரம்பித்தாள்.

"ஏலே ஜாஸ்பர், தொண்டை சரியில்லன்ன? அங்கன என்னா போடு போட்ட! ஞானசிகாமணி சாரைவிட உஞ் சத்தம்லா கேட்டுது."

"இப்ப கொஞ்சம் தேவல பெரியம்மா."

"தேவலயா? ஒரு வாரமா ஊர்ல நான் என்ன பாடு பட்டேன் தெரியுமா? சேலை வேற எடுத்துட்டேன்." பக்கத்தில் இருந்தவளிடம் திரும்பினாள். குரலைத் தணிப்பதாக நினைத்துக்கொண்டு சொன்னாள். "பயந்துட்டான் போல. கூட்டத்துக்கு முன்னால எழும்பி நிக்கணும்லா. பாவம், அவனும் என்ன செய்வான்? கண்ணு தெரியாத பிள்ளை."

பக்கத்திலிருந்தவள் 'உச்சு' கொட்டினாள். அதற்கடுத்தவளும் கொட்டினாள். அந்தச் சத்தம் இலைக்கு இலை தாண்டிப் போனது.

ஜாஸ்பரின் கை சோற்றில் நின்றுவிட்டது. சிரித்த முகமாகத்தான் இருந்தான். இத்தனை வருஷம் அந்தக் கோயில் பெஞ்சில், ஊர் தனக்காக ஜெபிக்கும்போதெல்லாம் அவன் முகத்தில் வைத்திருந்த அதே சிரிப்பு. ஸ்டெபி அதை அதுவரை பார்த்ததில்லை. அவள் பேரைக் காப்பாற்ற அவன் ஊர் பரிதாபப்படும் அந்த இடத்துக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டான்.

எழுந்துவிட்டாள். கையெல்லாம் குழம்பு.

"பெரியத்தை, அவுக பயப்படல."

"ஸ்டெபி, உக்காரு" என்றான் ஜாஸ்பர் பைய.

"அவுகளுக்குத் தொண்டையும் நல்லாத்தான் இருந்துது. ஜெபத்தை வாசிக்க முடியாம நான் செஞ்சிட்டேன். தமிழ்ப் பக்கம் பூரா வெறும் படமா போட்டு வச்சேன். கண் தெரியாதவுக போனுக்கு அது ஒண்ணுமே சொல்லாது. ஜெபம் தவிர மத்தது இன்னைக்கும் அப்படித்தான் இருக்கு. கேட்டு வாசிக்கலாம்னு நான் எழுதி வச்சது பொய்."

ஞானசிகாமணி சார் இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்தார். அவர் வாய்க்குக் கொண்டுபோன கவளம் பாதியில் நின்றது. "என்னம்மா சொல்லுத? இப்பத்தானே நான்…"

"தெரியும் சார். நீங்க சொல்லும்போதே நான் எழும்பியிருக்கணும். அவுகதான் எம் பேரு கெட்டுரும்னு தொண்டைன்னு சொன்னாக. நானும் கேட்டுக்கிட்டு இருந்துட்டேன்."

பொன்னாடையைக் கழற்றி எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கழற்றவும் கை சுத்தமாக இல்லை. அப்படியே நின்றாள்.

பந்தலில் சத்தம் அடங்கியது. சாரம்மாள்தான் முதலில் பேசினாள். "ஏட்டி, நீயா? இவனைக் கட்டுன நீயா?"

"நான்தான் பெரியத்தை."

சாரம்மாள் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் காதுக்கு எட்டி, ஐயர் அங்கியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு விரைந்து வந்தார். "ஜாஸ்பர், சாப்பாடு முடிஞ்சதும் நிறைவு ஜெபம் ஒண்ணு இருக்கு. நீ பண்ணுப்பா."

ஜாஸ்பர் அண்ணாந்து, குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"வேண்டாம் ஐயா. முந்தி கூப்பிட்டது வேற, இது வேற. அடுத்த வருஷம் கூப்பிடுங்க, வாரேன்." பிறகு குழம்புவாளி போகும் சத்தத்தைக் கேட்டு, "அண்ணாச்சி, இங்கன கறி வரல" என்றான்.

யாரோ சிரித்தார்கள். பந்தலில் மறுபடி சத்தம் எழும்பியது. ஆனால் அந்த வரிசையில் ஸ்டெபியோடு யாரும் பேசவில்லை. ஞானசிகாமணி சார் கை கழுவப் போகும்போது அவளைத் தாண்டித்தான் போனார். அவள் பக்கம் திரும்பவில்லை. நாலு சபை அவரோடு போவது அவளுக்குத் தெரிந்தது. தாஜ் முகம்மதுவிடம் நாளைக்குக் காலையில் என்ன சொல்வது என்று யோசித்தாள்.

பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது ஜாஸ்பர் தன் கோலை விரித்துத் தட்டிக்கொண்டே தனியாக நடந்தான். வழக்கமாக அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் வருவான். அவள் பின்னாலேயே போனாள்.

"சொல்லாதன்னு சொன்னேன்லா" என்றான் திரும்பாமல்.

"சொன்னீங்க."

"நாலு சபையும் போச்சு."

"போட்டும்."

அவன் வழியில் கிடந்த ஒரு கல்லைக் கோலால் தள்ளிவிட்டு நடந்தான்.

"அந்த மலர்ல இன்னும் எவ்வளவு பாக்கி?"

"நிறைய இருக்கு. ஊர் வரலாறு, செத்தவுக பேரு, பாட்டு, எல்லாம்."

"வீட்டுக்குப் போனதும் ஆரம்பி. நீ அடி, நான் கேட்டுப் பாக்கேன். ஒரு கால், ஒரு கொம்பு தப்பா இருந்தாலும் விட மாட்டேன்."

"சரி அத்தான்." தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டாள். "கோவம் போயிட்டா?"

"போகல."

தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. ஜாஸ்பர் கோலை மடக்கிக் கைக்குள் வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலிருந்தே அவள் பக்கம் கையை நீட்டினான். ஸ்டெபி ஓடிவந்து தன் முழங்கையைக் கொடுத்தாள்.